பெயிண்ட்டுக்கு முன் ஒடுக்கு, கீறல், சிராய்ப்பு: எதில் தொடங்குவது, எதுவரை தேய்ப்பது?

சாம்பல்செடான்:

வணக்கம். என் பழைய செடானுக்கு முழுசாகப் புதுப் பெயிண்ட் அடிப்பது என்று முடிவாகிவிட்டது. கலரும் அதன் மேல் வரும் நிறமில்லாத கிளியர் பூச்சும் மட்டும் ஸ்ப்ரே பூத் (பெயிண்ட் அடிக்கும் மூடிய அறை) உள்ள பட்டறையில் கொடுத்துவிடுவேன். அதற்கு முந்தைய வேலையை, அதாவது ஒடுக்கு எடுப்பது, பள்ளத்தை நிரப்பும் பட்டி போடுவது, தேய்ப்பது, ப்ரைமர் அடிப்பது வரை நானே செய்யப் போகிறேன். ஷெட் இருக்கிறது, கம்ப்ரசர் இருக்கிறது, அவசரம் இல்லை.

வண்டியின் நிலவரம்: முன் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒடுக்கு, ஆழம் குறைவு, பெயிண்ட் உடையவில்லை. பின் ஃபெண்டரில் சக்கரத்துக்கு மேலே தூணில் உரசிய நீளக் கீறல், நடுவில் தகடு தெரிகிறது, ஓரத்தில் துரு பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, கொஞ்சம் உள்வாங்கியும் இருக்கிறது. பின் பம்பர் மூலையில் சிராய்ப்பு, கருப்புப் பிளாஸ்டிக் வெளியே தெரிகிறது. பானெட்டில் கல் பட்ட புள்ளிகள் ஏகப்பட்டது.

எதற்குப் பட்டி தேவை, எதற்குத் தேவையில்லை? என்ன வரிசையில் போவது? "கனமாக ப்ரைமர் அடி, சின்னக் கீறலெல்லாம் தானாக மூடிக்கொள்ளும்" என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா?

டிங்கர்கை:

மூடாது. இந்த நம்பிக்கையால்தான் பல வண்டிகள் புதுப் பெயிண்ட் அடித்த பிறகு முன்பை விட மோசமாகத் தெரிகின்றன. கம்பெனியிலிருந்து வரும்போது வண்டி மேல் இருக்கும் துருத் தடுப்புப் பூச்சு, ப்ரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு. அந்தக் கனத்தில் எந்தப் பள்ளத்தை மூட முடியும்? இன்னொன்றும் இருக்கிறது. மங்கின பழைய பெயிண்ட் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், மேடு பள்ளம் கண்ணில் படாது. புதுக் கிளியரில் எதிரே இருக்கும் ட்யூப்லைட்டின் பிம்பம் கோடாக விழும், தகடு துளி அமுங்கியிருந்தாலும் அந்தக் கோடு அங்கே வளையும். அதனால் வடிவம் பெயிண்ட்டுக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் கீறலை நகத்தால் பாருங்கள். கீறலுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டினால் தட்டவில்லை என்றால் அது கிளியரில் மட்டும் இருக்கிறது, எப்படியும் முழுப் பேனலையும் தேய்க்கப் போகிறீர்கள், அதிலேயே போய்விடும். நகம் தட்டி, உள்ளே வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால் ப்ரைமர் வரை போயிருக்கிறது. பளபளப்பாகத் தெரிந்தால் தகடு. பழுப்பாகத் தெரிந்தால் துரு, அதற்குத் தனிக் கவனிப்பு வேண்டும். பட்டி என்பது தகடு உள்வாங்கிய இடத்துக்குத்தான். வெறும் கீறலுக்குப் பட்டி தேவையில்லை, ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து ப்ரைமர் கொடுத்தால் போதும்.

உப்புத்தாளைத் தொடுவதற்கு முன் வண்டியை ஷாம்பு போட்டுக் கழுவி, காய்ந்ததும் மெழுகு, கிரீஸ் எடுக்கும் கிளீனரால் துடையுங்கள். ஒரு துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும், அது ஆவியாவதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். துடைக்காமல் தேய்த்தால் பழைய பாலிஷில் இருக்கும் மெழுகும் சிலிகானும் உப்புத்தாள் போட்ட கீறலுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பெயிண்ட் அடிக்கும்போது வட்ட வட்டமாகக் குழி விழும். அப்போது யார் மேல் கோபப்பட்டும் பயனில்லை.

சாம்பல்செடான்:

மிக்க நன்றி அண்ணா. அப்படியென்றால் கதவு ஒடுக்குக்குப் பட்டி வேண்டும், இல்லையா? பெயிண்ட்டைத் தேய்த்து எடுத்துவிட்டுத் தகட்டைத் தட்டலாமா?

டிங்கர்கை:

தேய்க்காதீர்கள், அதுதான் முக்கியம். பெயிண்ட் உடையாத ஒடுக்கு என்றால் முதலில் பெயிண்ட் மேலேயே பசை வைத்து இழுத்துப் பாருங்கள். சூடாக்கி ஒட்டும் பசை, அந்தப் பசையால் பெயிண்ட் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் குமிழ், அதைப் பிடித்து இழுக்கும் சின்ன இழுப்பான் எல்லாம் சேர்ந்த செட்டாகவே கிடைக்கிறது. உறுதியான பழைய பெயிண்ட் மேல் பசை நன்றாகப் பிடிக்கும். நீங்கள் எப்படியும் பெயிண்ட் அடிக்கப் போகிறவர், இழுக்கும்போது ஒரு துண்டு பெயர்ந்து வந்தாலும் நஷ்டம் இல்லை. அதனால் இழுக்கிற வேலை முதலில், தேய்க்கிற வேலை அப்புறம்.

இழுக்கும்போது நடுப்பள்ளத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒடுக்கு விழும்போது நடு உள்ளே போகும், சுற்றிலும் ஒரு மேடு எழும்பும். அந்த மேடுதான் பள்ளத்தைப் பூட்டி வைத்திருக்கிறது. ட்யூப்லைட்டைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் நிழலாகத் தெரியும். நடுவை இழுத்துக்கொண்டே மேட்டை நைலான் முனையுள்ள கட்டையால் லேசாகத் தட்டி இறக்குங்கள். இழு, தட்டு, பார், மறுபடி இழு. மோதலில் முதலில் அடிபட்ட இடம் நடு, கடைசியாக எழும்பியது சுற்று மேடு. சரிசெய்யும்போது அதைத் தலைகீழாக, வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும்.

கதவின் உள் அட்டையைக் கழற்றினால் பின்னாலிருந்தும் கம்பியால் தள்ளலாம். கண்ணாடியை மேலே ஏற்றிவிடுங்கள், உள்ளே ஓடும் வயரையும் கண்ணாடித் தண்டவாளத்தையும் பார்த்துக் கை வையுங்கள். ஒரேயடியாகச் சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டாம். தகடு விரிந்துவிட்டால் விரலால் அழுத்தும்போது தகர டப்பா மூடி மாதிரி டொக் டொக் என்று உள்ளே வெளியே போய்வரும், பிறகு அதற்குச் சூடு காட்டிச் சுருக்க வேண்டும். அது புதிதாகச் செய்கிறவர் தொடக்கூடிய வேலை இல்லை. 90 சதவீதம் வந்துவிட்டால் விட்டுவிடுங்கள், மீதிக்கு மெல்லிய பட்டி இருக்கிறது. பட்டியே வேண்டாம் என்று பிடிவாதமாகத் தட்டித் தட்டித் தகட்டைக் கெடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழையவண்டி:

தட்டி எடுப்பதுதான் கௌரவம், பட்டி என்பதே ஏமாற்று வேலை என்ற பேச்சை நானும் கேட்டிருக்கிறேன், அதை ஏற்கவில்லை. ஆனால் பட்டியை அளவில்லாமல் அப்பும் வழக்கத்தையும் ஏற்க முடியாது. பழைய வண்டி வாங்கும்போது நான் காந்தம் எடுத்துப் போவேன். மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தைப் பேனல் மேல் ஓட்டினால் பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடிப்பு தளரும், ரொம்பக் கனம் என்றால் விழுந்தேவிடும். அலுமினியப் பேனலில் இந்த வித்தை செல்லாது, அங்கே காந்தம் எங்குமே ஒட்டாது.

எவ்வளவு கனம் வரை பட்டி போடலாம் அண்ணே? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

டிங்கர்கை:

தேய்த்து முடித்த பிறகு 3 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும் என்பது என் கணக்கு. டப்பாவில் அதற்கு மேல் போட்டிருந்தாலும் நான் போக மாட்டேன். கனமான பட்டியும் தகடும் வெயிலில் ஒரே அளவுக்கு விரியாது, வண்டி குலுங்கும்போது விளிம்பில் வெடிக்கும். 3 மில்லிமீட்டர் போதவில்லை என்றால் தகடு வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

சாம்பல்செடான், உங்கள் பின் ஃபெண்டருக்கு வருகிறேன். அந்த இடத்துக்குப் பின்பக்கம் கை போவது கஷ்டம், பல வண்டிகளில் இரட்டைத் தகடு. முன்காலத்தில் ஓட்டை போட்டு ஸ்க்ரூ முடுக்கி இழுப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு ஓட்டையும் பின்னாலிருந்து ஈரம் வரும் வழி, பட்டிக்கு அடியில் துரு பிடித்து ஒரு நாள் கொப்புளமாக வெளியே வரும். ஆணி ஒட்டும் வெல்டர் (pin welder) வைத்துச் சின்ன ஆணியைத் தகட்டில் ஒட்டி இழுத்துவிட்டு, ஆணியை வெட்டித் தேய்த்துவிடுவதுதான் சரி. அதற்குத் தகடு பளிச்சென்று இருக்க வேண்டும், வெல்டிங் செய்யும் முன் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். ஒட்டிய இடத்தில் பின்பக்கத்துப் பூச்சு கருகியிருக்கும், பெயிண்ட் வேலை முடிந்ததும் உள்ளே துருத் தடுப்பு மெழுகு ஸ்ப்ரே நீளக் குழாய் வைத்து அடித்துவிடுங்கள். இந்தக் கருவி இல்லை என்றால் அந்த ஒரு இழுப்பை மட்டும் தெரிந்த டிங்கரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ரசாயனப்பார்வை:

பட்டி கலக்கும் விஷயத்தில் ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெயிண்ட்டில் பின்னால் வரும் கோளாறுகள் பல அந்தக் கலவைப் பலகையில்தான் பிறக்கின்றன. பாலியெஸ்டர் பட்டியோடு வரும் ஹார்டனரில், அதாவது அதை இறுகவைக்கும் பசையில், இருப்பது பென்சாயில் பெராக்சைடு. பொதுவாக எடையில் 2 சதவீதம், அதாவது 100 கிராம் பட்டிக்கு 2 கிராம். டப்பாவில் போட்டிருக்கும் அளவே கடைசிப் பேச்சு. சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாகப் போட்டால் மிஞ்சின பெராக்சைடு மேலே இருக்கும் கலரோடு வினைபுரிந்து, முக்கியமாக வெளிர் நிறங்களில், மஞ்சளாகக் கறை காட்டும். குறைத்துப் போட்டால் உள்ளே இறுகாமல் நிற்கும், தேய்க்கும்போது தாளில் பிசுபிசுவென்று அப்பிக்கொள்ளும்.

சிவப்போ நீலமோ ஹார்டனருக்கு நிறம் கொடுத்திருப்பதே கலந்தது தெரியத்தான். கோடு கோடாக நிறம் தெரியும் வரை கலவை முடியவில்லை. மாவு அடிப்பதைப் போல அடிக்காமல், கத்தியால் மடித்து அழுத்தி மடித்து அழுத்திக் கலக்குங்கள், இல்லையென்றால் காற்று புகுந்து தேய்த்த பிறகு ஊசித் துளைகளாகத் தெரியும். அட்டைப்பெட்டித் துண்டில் கலக்க வேண்டாம், அட்டை ரெசினை உறிஞ்சிவிடும். வழவழப்பான பிளாஸ்டிக் பலகை போதும். 20 டிகிரி அளவில் கலந்த பின் 4, 5 நிமிடம்தான் கையில் இருக்கும், வெயில் நாளில் அதுவும் குறையும். கொஞ்சமாகக் கலந்து அடிக்கடி கலப்பதே நல்லது.

மிஞ்சிய பட்டி இறுகும்போது சூடாகும். குப்பைக்கூடையில் காகிதத்தோடு போடாதீர்கள், சிமெண்ட் தரையில் தனியாக ஆறவிடுங்கள். தின்னர் நனைந்த துணிகளுக்கு மூடியுள்ள இரும்பு டப்பா வையுங்கள்.

பழையவண்டி:

ஒரு சந்தேகம். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதுதானே காலகாலமாக நடக்கிறது? வாட்டர் பேப்பர் போட்டால் தூசி பறக்காது, பரப்பும் வழவழப்பாக வரும். உலர்வாகத் தேய்த்தால் ஷெட் முழுக்க வெள்ளைத் தூசி.

டிங்கர்கை:

நடக்கிறது, நான் வேலை கற்ற காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அது தவறு. பட்டியில் டால்க் பொடி நிறைய இருக்கிறது, இறுகின பிறகும் பட்டி தண்ணீரை இழுக்கும். இழுத்த தண்ணீர் தகடு வரை போகும். மேலே உலர்ந்தது போலத் தெரிந்தாலும் அடியில் ஈரம் இருக்கும், அதன் மேல் ப்ரைமரும் கிளியரும் போட்டு அடைத்துவிட்டால் அந்த ஈரத்துக்குப் போக இடமில்லை. சில மாதத்தில் கொப்புளம், குத்திப் பார்த்தால் உள்ளே பழுப்புத் தண்ணீர். பட்டியை உலர்வாகவே தேய்க்க வேண்டும். தூசிக்கு முகமூடியும், வேக்குவம் மாட்டிய பலகையும் இருக்கின்றன. தண்ணீர் வேலை ப்ரைமர் இறுகிய பிறகு, அதுவும் பட்டி எங்கும் வெளியே தெரியாத நிலையில்தான்.

பழையவண்டி:

இப்போது புரிகிறது. என் முந்தைய வண்டியில் ஒரு பட்டறையில் சக்கரத்துக்கு மேலே வேலை செய்து கொடுத்தார்கள், ஒரு மழைக்காலம் போனதும் அதே இடத்தில் கொப்புளம். பிரித்துப் பார்த்தால் துருவை எடுக்காமலே அதன் மேல் பட்டி போட்டிருந்தார்கள், பட்டி ஒரே துண்டாகக் கையோடு கழன்று வந்தது, பின்பக்கம் துருவின் அச்சு அப்படியே ஒட்டியிருந்தது.

டிங்கர்கை:

ஆமாம், பட்டி பிடிப்பது துருவைத்தான், தகட்டை இல்லை. துரு உதிரும்போது பட்டியும் கூடவே வரும்.

சாம்பல்செடான், உங்கள் கீறல் ஓரத்துத் துருவுக்கு இதுதான் வழி. பெயிண்ட் தூக்கி நிற்கும் இடம் வரைக்கும் இல்லை, அதைத் தாண்டி நல்ல பெயிண்ட் வரும் வரை தேய்த்துத் திறங்கள். துரு எப்போதும் கண்ணுக்குத் தெரிவதை விட அதிகமாக உள்ளே ஓடியிருக்கும். கம்பி பிரஷ் மட்டும் போதாது, அது துருவை மெருகேற்றி விட்டுவிடும். 80 நம்பர் தாள் (நம்பர் குறையக் குறையத் தாள் கரடு) போட்டுப் பளபளப்பான தகடு வரும் வரை போங்கள். ஊசி முனை அளவு கருப்புப் புள்ளிகள் மிஞ்சும், அதெல்லாம் குழிக்குள் இருக்கும் துரு. அதற்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் வைத்து, சொன்னபடி கழுவி நன்றாக உலர்த்துங்கள். ஸ்க்ரூட்ரைவர் முனையால் குத்தி தகடு ஓட்டையானால் பட்டி பேச்சே இல்லை, வெட்டி வெல்டிங்தான்.

ரசாயனப்பார்வை:

அமிலம் பற்றிய பேச்சு வந்ததால் சொல்கிறேன். அமிலத்தை மிச்சம் வைத்துவிட்டு அதன் மேல் எபாக்ஸி ப்ரைமரோ பட்டியோ போட்டால் இரண்டுமே சரியாக இறுகாது, பிடிக்காது. தகட்டை லேசாக அரித்துப் பிடிக்கும் அமில எட்ச் ப்ரைமர் அடித்த தகட்டின் மேலும் பாலியெஸ்டர் பட்டி போடக் கூடாது.

இனி பெரிய சண்டை: பட்டி நேராகத் தகட்டின் மேலா, எபாக்ஸி ப்ரைமருக்கு மேலா? என் ஓட்டு எபாக்ஸிக்கு. தகட்டை முதலில் எபாக்ஸி அடைத்துவிட்டால் ஈரம் தொடாது, அதன் மேல் பட்டி நன்றாகவே பிடிக்கும்.

டிங்கர்கை:

தகடு 80 நம்பரில் நன்றாகக் கீறப்பட்டு, சுத்தமாக, அன்றைக்கே பட்டி போடுவதாக இருந்தால் நேராகத் தகட்டில் போட்டே நான் பல வருடம் செய்திருக்கிறேன், குறை வந்ததில்லை. ஆனால் ஷெட்டில் வாரக்கடைசியில் மட்டும் வேலை செய்கிறவருக்கு, தகடு இரவெல்லாம் திறந்து கிடக்கும் என்கிறவருக்கு, நீங்கள் சொல்வதே சரி. திறந்த தகட்டில் கையின் வியர்வை பட்டாலே மறுநாள் விரல் ரேகை பழுப்பாக எழும்பும். எபாக்ஸி போட்டால் அது இறுகும் நேரத்தையும், தேய்க்காமல் மேலே அடுத்தது போடக்கூடிய கால அளவையும் டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் தாண்டிவிட்டால் தேய்த்துக் கீறல் கொடுத்துவிட்டே பட்டி.

பிளாஸ்டிக்மூலை:

பம்பரை யாரும் தொடவில்லையே, அது என் வேலை என்பதால் எழுதுகிறேன்.

பம்பரைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், என்ன பிளாஸ்டிக் என்று எழுத்து பொறித்திருக்கும். பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீனில் ரப்பர் கலந்த வகை. அதன் மேல் பெயிண்ட்டும் பட்டியும் எளிதில் ஒட்டாது, ஒட்டுத்தன்மை கூட்டும் பிளாஸ்டிக் ப்ரைமர் முதலில் வேண்டும். தகட்டுக்குப் போடும் சாதாரணப் பட்டியை இங்கே போட்டால் பம்பர் வளையும்போது வெடித்து உதிரும், பிளாஸ்டிக்குக்கென்று வளையும் பட்டி தனியாக வருகிறது.

உள்வாங்கியிருந்தால் கொதிக்கிற நீரையோ சூடான காற்று ஊதும் ஹாட் கன்னையோ வைத்து மெதுவாகச் சூடாக்கிப் பின்னாலிருந்து தள்ளினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். ஹாட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. தேய்க்கும்போது வேகமான மெஷினும் கரடான தாளும் போட்டால் பிளாஸ்டிக் உருகி நார் நாராக எழும்பும், அந்த நார் ப்ரைமருக்கு மேலும் முடி மாதிரித் தெரியும். கையால் 180, அப்புறம் 240, 320 என்று மெதுவாகப் போனால் வராது. கழுவும்போதும் கவனம்: வார்ப்பு அச்சிலிருந்து வந்த மெழுகு பின்பக்கத்திலும் மூலைகளிலும் மிச்சமிருக்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம். பம்பருக்குப் பின்னால் ரேடார் வைத்த வண்டி என்றால் அந்த ரேடார் பார்க்கும் பகுதியில் பட்டி போடாதீர்கள். கனமான பட்டியும் உலோகத் துகள் கலந்த பெயிண்ட்டின் பல பூச்சுகளும் அலையைத் தடுக்கும், திருப்பும். பல வண்டிக் கம்பெனிகள் அந்தப் பகுதியில் ரிப்பேரே கூடாது, பம்பரை மாற்று என்கின்றன. பார்க்கிங் சென்சார் முகத்திலும் பூச்சு மேல் பூச்சு ஏற்ற வேண்டாம், கழற்றி வைத்துவிடுங்கள்.

சாம்பல்செடான்:

என் வண்டியில் ரேடார் இல்லை, பார்க்கிங் சென்சார் மட்டும்தான், கழற்றிவிட்டேன்.

கதவு ஒடுக்கு பசை இழுப்பிலேயே பெரும்பாலும் வந்துவிட்டது. பின் ஃபெண்டர் இழுப்பை வெளியே கொடுத்து வாங்கி, எபாக்ஸி போட்டு, பட்டியும் போட்டாயிற்று. இப்போது ஃபெண்டரில் ஒரு சிக்கல். தேய்க்கும்போது நடுவில் ஒரு புள்ளியில் எபாக்ஸி உடைந்து தகடு தெரிகிறது, சுற்றிலும் பட்டி இன்னும் கொஞ்சம் உயரமாக இருக்கிற மாதிரி கைக்குத் தோன்றுகிறது. தொடர்ந்து தேய்க்கலாமா?

டிங்கர்கை:

நிறுத்துங்கள். நடுவில் தகடு தெரிந்து சுற்றிலும் பட்டி நிற்கிறது என்றால் அந்தத் தகடுதான் மேடு. ஆணி வைத்து இழுக்கும்போது ஒரு இடம் அதிகமாக வந்திருக்கும். அதைத் தேய்த்து இறக்கப் பார்த்தால் தகடு மெலியும், சுற்றிப் பட்டி குழியும், கடைசியில் இரண்டும் கெடும். கூர்முனைச் சுத்தியால் அந்தப் புள்ளியை மட்டும் டக் டக் என்று லேசாக இறக்குங்கள், சுற்றியுள்ள பட்டி அசைந்திருந்தால் அதை எடுத்துவிட்டு, தகட்டைக் கிளீனரால் துடைத்து மறுபடி மெல்லிசாக ஒரு பூச்சு பட்டி.

தேய்ப்பதைப் பற்றி: விரலால் தாளைப் பிடித்துத் தேய்க்கக் கூடாது, விரல் நுனி அழுத்தும் இடமெல்லாம் வாய்க்கால் விழும். பட்டி போட்ட இடத்தை விட நீளமான கட்டையில் தாளைச் சுற்றி, ஒரு முறை இப்படிச் சாய்வாக, அடுத்த முறை எதிர்ச் சாய்வாக. ஃபெண்டர் வளைவு உள்ள இடம் என்பதால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் கட்டை எடுங்கள். 80ல் வடிவம், 120 அல்லது 180ல் அந்த 80 போட்ட கோடுகளை எடுப்பது, பட்டி ஓரத்தைச் சுற்றி 240, 320ல் பெயிண்ட்டோடு கலப்பது. நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் கரடான கோடு அடியில் தங்கிவிடும், ப்ரைமர் அதை மூடினாற்போல் காட்டும், கரைப்பான் முழுவதும் வெளியேறிச் சுருங்கின பிறகு வெயிலில் கோடு கோடாக மேலே தெரியும்.

ஒவ்வொரு நம்பருக்கும் முன்னால் கைடு கோட் போடுங்கள், கருப்புப் பொடியைப் பஞ்சில் தொட்டுத் தடவுவது, இல்லையென்றால் கருப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து தூவலாக அடிப்பது. கட்டையால் இரண்டு மூன்று இழுப்பு இழுத்தால் மேடெல்லாம் சுத்தமாகும், பள்ளத்தில் மட்டும் கருப்பு நிற்கும். கருப்பு நிற்கும் இடத்தைத் தனியாகக் குடைந்து எடுக்காதீர்கள். அங்கே பட்டி குறைவு, அவ்வளவுதான்.

சாம்பல்செடான்:

செய்தேன். கைடு கோட் போட்ட பிறகுதான் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த இடத்தில் இவ்வளவு கருப்புத் தீவுகள் இருப்பது தெரிந்தது. கையால் தடவிப் பார்க்கும்போது ஒன்றும் பிடிபடவில்லையே, ஏன்?

டிங்கர்கை:

விரல் நுனியால் தடவுகிறீர்கள் போலிருக்கிறது. உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, விரல்களையும் படியவிட்டு, நீளவாக்கில் நல்ல பகுதியில் ஆரம்பித்துப் பட்டி மேல் போய் மறுபக்கம் நல்ல பகுதி வரை ஓட்டுங்கள். இடையில் ஒரு மெல்லிய பருத்தித் துணியையோ கையுறையையோ வைத்தால் கை வழுக்கிக்கொண்டு போகும், ஒரு முடிக் கன மேடு கூடத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் நன்றாகத் தெரியும். தடவுகிற கையில் எண்ணெயோ வியர்வையோ வேண்டாம்.

பானெட்டுப் புள்ளிகளுக்கு: ஒவ்வொன்றின் ஓரமும் சரிய வேண்டும். சரியாகத் தேய்ந்த இடத்தில் கிளியர், கலர், ப்ரைமர், தகடு என்று வளையம் வளையமாகத் தெரியும். வளையம் குறுகலாக இருந்தால் சரிவு போதவில்லை. உள்ளே துருப் புள்ளி இருந்தால் முதலில் அதை எடுங்கள். புள்ளிகள் ஏகப்பட்டது என்றால் முழு பானெட்டையும் தேய்த்து, தகடு தெரியும் புள்ளிகளுக்கு எபாக்ஸி தொட்டு, முழுவதற்கும் கனமான சர்ஃபேசர் (தேய்த்துச் சமப்படுத்தவே அடிக்கும் ப்ரைமர்) கொடுத்து நீளக் கட்டையால் சமப்படுத்துவதே சுலபம். புள்ளி புள்ளியாகப் பட்டி வைத்துக்கொண்டிருந்தால் முடியாது.

ரசாயனப்பார்வை:

சர்ஃபேசர் 2கே வகையாக இருக்கட்டும், ஹார்டனர் சேர்த்து இறுகுவது. ஒற்றை டப்பாவில் தின்னர் ஆவியாகி மட்டும் காயும் வகையும், ட்யூபில் வரும் ஒற்றைப் பட்டியும் பின்னாளில் சுருங்கும், மேலே அடிக்கும் பெயிண்ட்டின் கரைப்பான் பட்டால் ஓரம் ஊதி வளையம் காட்டும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் டப்பாவில் சொன்ன நேரம் பொறுங்கள், மேற்பரப்பின் ஈர மினுமினுப்பு போன பிறகே அடுத்தது.

ஆனால் இந்த 2கே சர்ஃபேசரின் ஹார்டனரில் பெரும்பாலும் ஐசோசயனேட் இருக்கும். இதைக் கவனமாகக் கேளுங்கள். அதன் ஆவியும் தூவலும் மூச்சுக்குழாயைத் தாக்கி ஆஸ்துமா வரவழைக்கும், ஒரு முறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் அப்புறம் மிகக் குறைந்த அளவு பட்டாலும் மூச்சு இழுக்கும். தூசி முகமூடி இதற்குப் போதவே போதாது. கரித்தூள் ஃபில்டர் போட்ட முகமூடியிலும் ஃபில்டர் தீர்ந்தது மூக்குக்குத் தெரியாது, ஐசோசயனேட்டின் வாசம் தெரியும் முன்பே பாதுகாப்பு அளவு தாண்டியிருக்கும். வெளியிலிருந்து சுத்தக் காற்று குழாயில் வரும் முகமூடிதான் சரி. அது இல்லை என்றால் சர்ஃபேசர் ஸ்ப்ரேயையும் பூத்திலேயே கொடுத்துவிடுங்கள், திரும்ப எடுத்து வந்து தேய்க்கும் வேலையை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். மிகப் பழைய வண்டி என்றால் பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம், அதை உலர்வாகத் தேய்க்கக் கூடாது.

சாம்பல்செடான்:

அந்தக் காற்றுக் குழாய் முகமூடி என்னிடம் இல்லை. சர்ஃபேசரைப் பூத்திலேயே அடிக்கச் சொல்லிவிடுகிறேன். வாங்கி வந்து தேய்ப்பதற்கு என்ன நம்பர்? தேய்த்த பிறகு எத்தனை நாள் வைத்திருக்கலாம், வழியில் மழை வந்தால்?

டிங்கர்கை:

நல்ல முடிவு தம்பி. சர்ஃபேசர் வந்ததும் உடனே தேய்க்காதீர்கள், முழுசாக இறுகட்டும். கைடு கோட் போட்டு 400ல் கட்டையோடு சமப்படுத்துங்கள், பிறகு 600. உங்கள் கலர் மெட்டாலிக் சாம்பல் என்றால் 800 வரை போங்கள், மெட்டாலிக்கில் 400ன் கோடு அப்படியே மேலே தெரியும். இங்கே தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம், ஆனால் விளிம்புகளில் ஜாக்கிரதை. கதவு ஓரம், வீல் ஆர்ச் மடிப்பு, பாடியில் கோடு ஓடும் இடம், இங்கெல்லாம் இரண்டே இழுப்பில் தகடு தெரிந்துவிடும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, கடைசியில் டேப்பை எடுத்து மென்மையான பேடால் லேசாகக் கை வையுங்கள். எங்காவது தகடோ பட்டியோ தெரிந்துவிட்டால் தண்ணீரை உடனே நிறுத்தித் துடைத்து உலர்த்துங்கள், அந்த இடத்துக்கு மறுபடி ப்ரைமர் வேண்டும். பூத்துக்காரரிடம் அந்த இடத்தைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

சர்ஃபேசர் ஈரத்தை முழுசாகத் தடுக்காது, அதனால் நாள்கணக்கில் வெளியே நிறுத்த வேண்டாம். தேய்த்து முடித்ததும் பூத்தில் நாள் வாங்கிக்கொண்டு போவது நல்லது. வழியில் மழை பிடித்தால் துடைத்து, கதவு இடுக்கு, பம்பர் மடிப்பு, விளக்கைச் சுற்றிய இடங்களில் காற்று ஊதி, ஒரு நாளாவது நிழலில் காயவிடச் சொல்லுங்கள். அடியில் என்ன எபாக்ஸி, என்ன பட்டி என்று டப்பாக்களைப் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள், அவர்கள் போடும் பெயிண்ட் அதோடு ஒத்துப்போகுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வார்கள்.